ஐந்து சொற்கள் போதும்

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 14:6–19



இவ்வாரத் தியானம் உங்களில் சிலருக்கு மனவருத்தத்தை உண்டாக்கக்கூடும். அதை அறிந்தே எழுதுகிறேன். கடந்த வாரம் நம் பாடற்குழுவினரிடம் ஒரு தீர்மானத்தைத் தெரிவித்தேன். இனிமேல் பிரசங்கத்தின் முடிவில் நான் கொடுக்கும் அழைப்பின்போதும், அதைத் தொடரும் ஜெபத்தின்போதும் கீபோர்டு வாசிக்க வேண்டாம். கடைசிப் பாட்டு முடிந்தபின் இரண்டு நிமிடம் எந்தக் கருவியும் ஒலிக்க வேண்டாம் என்றேன். அவர்களில் ஒரு தம்பி மிகுந்த மரியாதையோடு, "ஐயா, பின்னணியில் இசை இல்லாவிட்டால் ஒருவரும் முன்னே வரமாட்டார்களே" என்றார். "அப்படியானால் இதுவரை முன்னே வந்தவர்கள் யாருடைய அழைப்பைக் கேட்டு வந்தார்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அந்தத் தம்பியிடம் அதற்குப் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், என்னிடமும் இல்லை. அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாததால் இதை எழுதுகிறேன்.

இத்தீர்மானத்துக்குக் காரணமான நிகழ்வைச் சொல்லவேண்டும். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சொல்லுகிறேன். நம் ஆராதனைக்கு வரும் ஒரு சகோதரர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் டர்னராக நெடுங்காலம் உழைத்தவர். சில மாதங்களாக ஞாயிறுதோறும் பாட்டு வேளையில் அவர் கண்ணீர்விட்டு அழுவதைப் பீடத்திலிருந்து பார்த்தேன். இரு கைகளையும் உயர்த்தி, தோள்கள் குலுங்க அழுவார். அவரைக் கண்டு சுற்றிலும் இருந்தவர்களும் அழுவார்கள். ஆவியானவர் நம் நடுவில் கிரியை செய்கிறார் என்று நான் ஸ்தோத்திரம் சொன்னேன். பாடற்குழுவைப் பாராட்டவும் செய்தேன். ஒரு நாள் வாசலில் அவரைக் கைகுலுக்கி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டபோது அவர் சொன்னது: "நன்றாய் அழுதேன் ஐயா, பாட்டு அருமை."

பிறகு ஒரு வாரநாளில், வீடு சந்திப்புக்காக ஆவடிப் பக்கம் போய்த் திரும்புகையில், அன்னனூர் ரயில் நிலையத்தின் நடைமேடையில் அவர் தனியே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். பகல் பதினொரு மணி. மடியில் டிபன் பாக்ஸ். அருகே போய் உட்கார்ந்தேன். இரண்டு மின்ரயில்கள் கடந்துபோயின. பிறகு அவர் சொன்னார்: "மூன்று மாதமாய் எனக்கு வேலையில்லை ஐயா."

பட்டறை மூடப்பட்டுவிட்டது. அதை மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லத் துணிவின்றி, ஒவ்வொரு காலையும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு, மாலைவரை இந்த நிலையங்களில் பொழுதைக் கழித்திருக்கிறார். மூன்று மாதங்களில் பன்னிரண்டு பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனை வாரமும் ஒரு முழுச் சபையின் நடுவே அவர் அழுதிருக்கிறார். நாமெல்லாரும் அந்தக் கண்ணீரைப் பார்த்தோம். ஒருவரும் "ஏன் அழுகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. பாட்டு அருமையாக இருந்தபடியால் கேட்கத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. மேய்ப்பன் என்று பெயர் தரித்திருக்கிற நான், ஆட்டின் கதறலைக் கேட்டு, இசை நன்றாக இருக்கிறதென்று மகிழ்ந்திருக்கிறேன்.

நான் இசைக்கு விரோதி என்று எவரும் எண்ணவேண்டாம். சவுலின் கலக்கம் தாவீதின் சுரமண்டலத்தால் தணிந்ததை வேதம் சொல்கிறது (1 சாமுவேல் 16:23). எலிசா தீர்க்கதரிசி தமக்கு ஒரு வாத்தியக்காரனை அழைத்துவரச் சொன்னதையும் அறிவோம் (2 இராஜாக்கள் 3:15). நம் தமிழ்க் கிறிஸ்தவர்களிலேயே ஆபிரகாம் பண்டிதர் இருந்தார். தஞ்சையில் சித்த மருத்துவராக வாழ்ந்த அவர், 1912 முதல் இசை மாநாடுகளைக் கூட்டி, தமிழிசையின் சுருதிகளைக் குறித்து ஆராய்ந்து, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். இசையைத் தேவன் தந்த ஈவாகக் கருதி அதற்குத் தம் செல்வத்தையும் உழைப்பையும் கொடுத்த அவருடைய மரபில் வந்தவர்கள் நாம். நம் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருப்பது அலங்காரத்துக்காக அன்று. முகாரியில் துயரம் இருக்கிறது; நீலாம்பரியில் தாலாட்டு இருக்கிறது. அதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

இசையின் வல்லமை மெய்யானது. அதனாலேயே அது கவனமாகக் கையாளப்பட வேண்டியது. சுருதியை ஒரு படி உயர்த்தினால் மக்களின் கைகள் தாமாக உயர்கின்றன. டிரம்ஸ் நின்று, கீபோர்டு மட்டும் மெல்ல நீண்டு ஒலித்தால் கண்கள் நனைகின்றன. ஒரே அடியைப் பன்னிரண்டு முறை பாடினால் உள்ளம் இளகுகிறது. இதை இசைப்பவர்கள் அறிவார்கள், போதகர்களும் அறிவோம். திரைப்படக் கொட்டகையிலும் இதே வழியில்தான் கண்ணீர் வரவழைக்கப்படுகிறது. அங்கே கதாநாயகனின் தாய் இறக்கும்போது அழுதவர் வெளியே வந்து காபி குடித்துவிட்டு வீடு திரும்புகிறார், அதில் குற்றமில்லை. ஆலயத்தில் அழுதவரும் அப்படியே வீடு திரும்பினால், அவருக்குள் நிகழ்ந்தது என்ன என்று கேட்கும் பொறுப்பு நமக்கு உண்டா இல்லையா?

இந்தக் கேள்வி புதியதன்று. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆலயத்தில் சபையார் பாடியதைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்தவர் அகுஸ்தீன். அந்தக் கண்ணீர் தமக்கு நன்மையாயிருந்தது என்று அவரே தம் 'அறிக்கைகள்' என்னும் நூலில் எழுதியிருக்கிறார். அதே நூலின் பத்தாம் புத்தகத்தில் அவர் மற்றொன்றையும் ஒப்புக்கொள்கிறார். பாடப்பட்ட பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகமாய் அசைக்கும் வேளைகள் உண்டென்றும், அவ்வேளைகளில் தாம் குற்றஞ்செய்வதாய் உணர்வதாகவும், பாட்டைக் கேளாமலிருப்பதே நலமென்று அப்போது தோன்றுவதாகவும் சொல்கிறார். ஆனாலும் ஆலயத்தில் பாட்டு வேண்டாம் என்று அவர் முடிவுசெய்யவில்லை. தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டார். நாம் மறந்துபோனது அந்த விசாரணையைத்தான்.

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது எடுத்த உவமையும் இசையைப் பற்றியதே. குழலோ சுரமண்டலமோ தெளிவான நாத வேறுபாடின்றி ஒலித்தால் என்ன வாசிக்கப்படுகிறதென்று எவருக்கு விளங்கும்? எக்காளம் குழப்பமாய் முழங்கினால் யுத்தத்துக்கு எவன் ஆயத்தப்படுவான்? இப்படிக் கேட்டுவிட்டு, ஆவியோடும் பாடவேண்டும், கருத்தோடும் பாடவேண்டும் என்று இரண்டையும் இணைக்கிறார். பிறகு ஒரு கணக்குச் சொல்கிறார்: சபையில் பிறருக்கு விளங்காத பதினாயிரம் வார்த்தைகளைக் காட்டிலும், கருத்தோடு பேசும் ஐந்து வார்த்தைகளே தமக்கு மேலானவை. பல ஆண்டுகளாக நான் இந்த வசனத்தை வாசித்திருக்கிறேன்; பிரசங்கித்தும் இருக்கிறேன். அன்னனூர் நடைமேடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. 'மூன்று, மாதமாய், எனக்கு, வேலையில்லை, ஐயா.' எண்ணிப் பாருங்கள், ஐந்து சொற்கள்.

அந்த ஐந்து சொற்கள் வெளிவந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். அன்று மாலையே அவருடைய மனைவி உண்மையை அறிந்தார், அழுதார், பிறகு இருவருமாகக் கடன் கணக்கை எழுதி முடித்தார்கள். அடுத்த வாரம் நம் சபையார் இருவர் தத்தம் பட்டறைகளில் விசாரித்தார்கள். மூன்று மாதக் கண்ணீர் செய்யாததை ஐந்து சொற்கள் ஒரே நாளில் தொடங்கிவைத்தன. அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அது கதவைத் தட்டியது. உள்ளேயிருந்தவர் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்ற நாமும் பேர்சொல்லிக் கூப்பிடவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "உணர்வை எல்லாம் வார்த்தையில் அடக்க முடியுமா ஐயா? ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்லவில்லையா?" என்று கேட்பீர்கள். சொல்லுகிறது. ஆனால் அந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறவர் யார்? ஆவியானவர். நம்முடைய பலவீனத்தில், வேண்டிக்கொள்ளத் தெரியாத நிலையில், அவர் நமக்கு உதவுகிறார். சொல்ல முயன்று முடியாமற்போனவனுக்குக் கிடைக்கும் ஆறுதல் அது. சொல்ல முயலாதவன் சாய்ந்துகொள்ளும் தலையணையாக அதை நாம் ஆக்கிக்கொள்ளலாகாது. அந்த வசனத்தை எழுதிய பவுலே, அதே நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், தமக்குள் நடக்கும் போராட்டத்தை ஒளிவுமறைவின்றி, தாம் விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்வதாக, ஒரு சிறுவனுக்கும் விளங்கும் சொற்களில் எழுதியிருக்கிறார்.

"வார்த்தையே இல்லை" என்று நாம் சொல்லும் பல வேளைகளில் வார்த்தை இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமா? தொல்காப்பியர் மனித உணர்வு உடலில் வெளிப்படும் விதத்தை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தார். அவற்றில் அழுகைக்கு நான்கு காரணங்களைக் குறித்தார்: பிறரால் இழிவுபடுத்தப்படுதல், உள்ளதை இழத்தல், முன்பிருந்த நிலை தளர்தல், வறுமை. நம் ஆலயத்தில் சிந்தப்படும் கண்ணீரை இந்த நான்கின்முன் வைத்துப் பாருங்கள். மாமியார் வீட்டில் இழிவுபடுத்தப்பட்டவர் ஒருவர். மகனை இழந்தவர் ஒருவர். ஓய்வுபெற்றபின் வீட்டில் மதிப்பிழந்தவர் ஒருவர். பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாதவர் ஒருவர். ஒரே பாட்டுக்கு நால்வரும் அழுகிறார்கள். பீடத்திலிருந்து பார்க்கிற எனக்கு நால்வரும் ஒன்றுபோலவே தெரிகிறார்கள். ஒரு வாக்கியம் அவர்கள் வாயிலிருந்து வந்தாலொழிய, யாருக்கு மருந்து, யாருக்கு அரிசி, யாருக்கு மன்னிப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்து, பழைய பாட்டா புதிய பாட்டா என்று நம் சபையில் நெடுநாளாய் நடக்கும் வழக்கையும் பேசிவிடுகிறேன். முதியோர் சிலர், இந்தத் தியானத்தை வாசித்துவிட்டு, இளைஞரின் புதிய பாடல்களை நான் கண்டிப்பதாக எண்ணி மகிழலாம். மகிழவேண்டாம். விளங்காத வடசொற்கள் நிறைந்த ஒரு கீர்த்தனையைச் சிறுவயதுமுதல் பாடிப் பழகியதனால் அதில் உருகுகிறோமே, அதன் இரண்டாம் சரணத்துக்குப் பொருள் என்ன என்று நம் பேரப்பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனைபேர் சொல்லுவோம்? பழக்கத்தால் வரும் உருக்கமும் ஸ்பீக்கரால் வரும் உருக்கமும் இவ்விஷயத்தில் ஒரே வகையானவை. 1523ஆம் ஆண்டின் இறுதியில் மார்ட்டின் லூத்தர் தம் நண்பர் ஸ்பலாத்தீனுக்குக் கடிதம் எழுதி, சங்கீதங்களை ஜெர்மன் பாட்டுகளாக்கித் தரும்படி வேண்டினார். அரண்மனைச் சொற்களையும் புதுமையான சொற்களையும் தவிர்த்து, பொதுமக்கள் வழங்கும் எளிய சொற்களையே பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். சீர்திருத்த சபைகளின் பாட்டு மரபு அத்தகைய வேண்டுகோளோடுதான் தொடங்கியது.

நம் தமிழ்நாட்டில் அந்த உரிமைக்காக வாதாடியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற அவர், கிறிஸ்துவைத் தமிழ்ப் பண்ணில் பாடினார். 1820களில், பின்வந்த மிஷனெரிமார் சிலர் தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையில் விரும்பாதபோது, ஐம்பது வயதைக் கடந்த அந்தக் கவிராயர் எதிர்த்து எழுதினார். அவர் வாதம் வீண்போகவில்லை. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாட்டுகள் சிறப்பிடம் பெற்றன. இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நாம் நம் மொழியில், நம் இராகத்தில் பாடுவது அவரைப் போன்றோர் பெற்றுத் தந்த சுதந்தரம்.

ஆயினும், அருமையானவர்களே, முழு உண்மையையும் சொல்லவேண்டும். அதே ஆண்டுகளில், அதே எழுதுகோலால், ஆலயத்தில் சாதிப்படி தனித்தனியே உட்காரும் வழக்கத்தையும் சாஸ்திரியார் ஆதரித்து எழுதினார். பாட்டில் சரியாயிருந்தவர் பந்தியில் தவறினார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை முற்றிலும் விட்டொழிக்கவேண்டுமென்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகிப்போனார்கள். உருக்கமான பாட்டுகளை உருக்கமாகப் பாடிய மக்களே அவர்கள். சிலுவையைப் பாடி அழுத கண்கள், பக்கத்தில் உட்காரவந்த சகோதரனைக் கண்டு ஏன் திருப்பிக்கொண்டன? பாட்டு அவர்களை அசைக்காமல் இல்லை. "நான் என் சகோதரனைத் தாழ்வாக நினைக்கிறேன்" என்ற எளிய வாக்கியத்தை அவர்களில் ஒருவரும் தம் வாயால் சொல்லிப் பார்க்கவில்லை.

உலகமெங்கும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டனின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. அவர் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்தவர். 1754இல் கடற்பயணத்தை விட்டு, பின்பு இங்கிலாந்தின் ஓல்னி என்ற ஊரில் குருவானவரானார். அவ்வூர் மக்களில் பலர் சரிகைபோன்ற பின்னல் துணி செய்து பிழைத்த ஏழைகள். அவர்களுக்கு விளங்கவேண்டுமென்றே எளிய சொற்களில் பாட்டெழுதினார். அந்தப் பாட்டு 1773ஆம் ஆண்டின் முதல் நாள் ஆராதனைக்காக எழுதப்பட்டது. அதில் தம்மைக் கேடுகெட்டவன் என்று பாடுகிறார். ஆனால் அந்தக் கேடு இன்னதென்று, அடிமை வியாபாரத்தில் தாம் கண்டதையும் செய்ததையும் வெளிப்படையான உரைநடையில் அவர் எழுதி வெளியிட்டது 1788இல். பாட்டுக்கும் அந்தச் சிறுநூலுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். வெட்கத்தோடு அவர் எழுதிய அந்தச் சிறுநூல் பாராளுமன்ற உறுப்பினர்களின் கைகளுக்குப் போய், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடியவர்களுக்குச் சாட்சியாயிற்று. அவர் மரித்த 1807ஆம் ஆண்டிலேயே பிரிட்டன் அந்த வியாபாரத்தைச் சட்டத்தால் தடைசெய்தது. 'நான் பாவி' என்று பாடுவதைவிட, 'நான் செய்த பாவம் இது' என்று சொல்வது கடினம் என்பதற்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளே சாட்சி.

நம் நிலை என்ன? "அனைவரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று" என்று கைகோத்துப் பாடிவிட்டு, வீட்டுக்குப் போய் மகளுக்கு வரன் தேடும் விளம்பரத்தில் சாதியைக் குறிப்பிடுகிறோமா இல்லையா? "எல்லாம் உமக்கே அர்ப்பணம்" என்ற கருத்தில் பாடிவிட்டு, பாகப்பிரிவினையில் தம்பியை ஏமாற்றியதை மறைக்கிறோமா இல்லையா? கர்த்தர் ஆமோஸ் தீர்க்கதரிசியைக்கொண்டு, உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள் என்ற பொருளில் பேசினது (ஆமோஸ் 5:23) இசை தெரியாத மக்களிடமன்று. நன்றாய்ப் பாடத்தெரிந்த மக்களிடம் அவர் நியாயத்தையும் நீதியையும் கேட்டார்.

இதில் என் குற்றமும் ஒன்றுண்டு. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், அடக்க ஆராதனைக்குப் போகும் வீடுகளில் பெண்கள் ஒப்பாரி வைத்தால் நான் நிறுத்திவிடுவேன். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்கலாகாது என்று 1 தெசலோனிக்கேயர் 4:13ஐச் சொல்லி, ஞானப்பாட்டைத் தொடங்கச் செய்வேன். இப்போது வருந்துகிறேன். அந்தத் தாய்மார் செய்தது என்ன? இறந்தவர் எந்த ஊரிலிருந்து தன்னைக் கட்டிக்கொண்டு வந்தார், எந்த மழையில் கூரை பிரிந்தது, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று, இராகத்தோடு, பேச்சுத்தமிழில், ஒன்றொன்றாய்ச் சொன்னார்கள். இசையும் எளிய சொல்லும் பிரியாதிருந்த இடம் அது. சவுலும் யோனத்தானும் மடிந்தபோது தாவீதும் புலம்பல் பாடினார். அதை யூதா புத்திரருக்குக் கற்பிக்கவும் சொன்னார் (2 சாமுவேல் 1). வேதத்தில் இருக்கும் புலம்பலை மதித்த நான், தெருவில் இருந்த புலம்பலை மதிக்கவில்லை. அப்படி நான் வாயடைத்த தாய்மார் இன்றும் எவரேனும் இதை வாசித்தால், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, வேதம் காட்டும் வழியைப் பாருங்கள். அன்னாளின் பாட்டு 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முன்னே, முதலாம் அதிகாரத்தில், உதடுகள் மட்டும் அசைய அழுதுகொண்டிருந்த அவளை வெறித்தவள் என்று எண்ணி ஏலி கடிந்துகொண்டான். ஆசாரியனே கண்ணீரைத் தவறாக வாசித்தான்! அவள் சினந்து எழுந்து போகவில்லை. தான் மனக்கிலேசமுள்ள பெண் என்றும், கர்த்தர் சந்நிதியில் இருதயத்தை ஊற்றிக்கொண்டிருப்பதாகவும் தெளிவாகச் சொன்னாள். அதைக் கேட்ட பிறகே ஏலியால் அவளை ஆசீர்வதித்து அனுப்ப முடிந்தது.

நம் ஆண்டவரையும் பாருங்கள். கடைசி இராப்போஜனம் முடிந்து, சீஷரோடு துதிப்பாட்டைப் பாடி, ஒலிவமலைக்குப் புறப்பட்டார் (மத்தேயு 26:30). பஸ்கா இரவில் பாடப்படும் சங்கீதங்கள் அவை. ஜெயமும் நன்றியும் நிறைந்தவை. சற்று நேரத்தில் கெத்செமனேயில் மூவரை மட்டும் அழைத்து, தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறதென்று வெளிப்படையாகச் சொன்னார்; தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். தேவகுமாரனுக்கே, பாடி முடித்தபின் தம் துக்கத்தை மூன்று நண்பரிடம் நேராகச் சொல்லும் தேவை இருந்தது. நாம் அவரைக்காட்டிலும் திடமானவர்களா?

சங்கீத புஸ்தகத்தின் தலைப்புகளில் இராகத்தலைவனுக்குக் கொடுத்த குறிப்புகள் பல உள்ளன. அந்த மெட்டுகள் இன்று எவரிடமும் இல்லை. எருசலேம் ஆலயத்தின் எக்காளமும் கைத்தாளமும் ஓய்ந்துபோயின. சொற்கள் மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றைக்கொண்டே இன்றும் நாம் ஜெபிக்கிறோம். அச்சொற்களின் நடுவே 'சேலா' என்ற குறிப்பு 71 முறை வருகிறது. பாடுவோர் நிறுத்தவேண்டிய இடம் என்று உரையாசிரியர் பலர் அதற்குப் பொருள் கொண்டிருக்கிறார்கள். நாம் இழந்துவிட்டது அந்த நிறுத்தத்தைத்தான்.

ஆகையால் வரும் ஞாயிறு முதல் இவ்வாறு செய்வோம். பாட்டுகள் குறையா. கீர்த்தனையும் இருக்கும், புதிய பாட்டும் இருக்கும், டிரம்ஸும் இருக்கும். கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லாக் கருவிகளும் ஓயும். இரண்டு நிமிட அமைதி. அதில் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் ஒரு வாக்கியத்தை உருவாக்கிக்கொள்ளுங்கள்: நான் ஏன் அழுதேன், ஏன் மகிழ்ந்தேன், அல்லது ஏன் ஒன்றும் தோன்றாமல் நின்றேன். இலக்கணம் பார்க்கவேண்டாம். வேதவசன நடையில் அமையவேண்டிய அவசியமும் இல்லை. பின்பு, ஆராதனை முடிந்தபின், நம்பத்தக்க ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். கணவரிடம், மனைவியிடம், அக்காவிடம், என்னிடம். கேட்கிறவர் உடனே ஆலோசனை சொல்லப் புறப்படவேண்டாம். கேட்டதை வேறெங்கும் கொண்டுபோகவும் வேண்டாம். சபை வம்புக்கு அஞ்சித்தான் பலர் பாட்டுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் முன்னே வருகிறவர்களின் தொகை குறையலாம். குறையட்டும். அமைதியில் தன் காலால் எழுந்து வருகிற ஒருவர், தாம் ஏன் வந்தார் என்பதைத் தாமே சொல்லக்கூடியவராயிருப்பார். பாடற்குழுவின் அந்தத் தம்பி இரண்டு நாளுக்குப்பின் என்னைத் தேடிவந்தார். தீர்மானத்தைப் பற்றி விவாதிக்க வந்தாரென்று எண்ணினேன். "ஐயா, நான் வாசித்துக்கொண்டே இருப்பதனால் என்னை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை" என்றார். அவரும் ஐந்தாறு சொற்களுக்காகக் காத்திருந்தவரே. அதற்குமேல் அவர் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன்.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, எங்களுக்கு இசையைத் தந்ததற்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். எங்கள் பாட்டுக்குப் பின்னால் நாங்கள் மறைத்துவைத்திருப்பதை நீர் அறிவீர். அதைச் சொல்ல எங்களுக்கு எளிய வாயைத் தாரும். அதைக் கேட்க எங்கள் சபைக்குப் பொறுமையான செவியைத் தாரும். வேலையிழந்தோரையும், இழிவுபட்டோரையும், துக்கத்தில் இருப்போரையும் நாங்கள் பேர்சொல்லி அறிய உதவி செய்யும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.